கடையை பிரைவேட் லிமிடெட் ஆக்கும் முன்

தொழில் கொஞ்சம் சூடு பிடித்ததும் ‘பிரைவேட் லிமிடெட் போட்டுவிடலாமா?’ என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். இரண்டு டைரக்டர், இரண்டு பங்குதாரர் போதும். அந்த இருவரே இரண்டுமாக இருக்கலாம். ஸ்பைஸ் பிளஸ் என்ற ஆன்லைன் படிவத்தில் கம்பெனிப் பதிவு, பான், டான் (வரி பிடித்தம் செய்வோருக்கான எண்) எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் ஏன் வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தனி உரிமையாளர், ஆண்டு விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால், உத்தேச லாபம் காட்டி ஆடிட் இல்லாமல் வரி கட்டலாம். கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு ரூபாய்கூட விற்காத ஆண்டிலும் ஆடிட் உண்டு, லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு. கம்பெனி கடன்பட்டாலும் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு என்பார்கள். உண்மைதான், ஆனால் வங்கிக் கடனுக்கு டைரக்டரே சொந்த ஜாமீன் போட்டிருந்தால் அந்தக் கடனுக்கு அது உதவாது. முதலீட்டாளர், கூட்டாளி, பெரிய ஆர்டர் என்று உறுதியான காரணம் இருந்தால் மேலே படியுங்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் சின்ன விஷயங்களே காரணம். நம் ஊரில் முதலிடம் இனிஷியலுக்கு. ஆதாரில் ‘முருகன் ஆர்’, பான் அட்டையில் ‘ராமசாமி முருகன்’, வங்கியில் ‘ஆர். முருகன்’ என்று இருக்கும். ஆன்லைன் படிவத்தில் போட வேண்டிய டிஜிட்டல் கையொப்பம் வாங்கும் முன்பே இவற்றை ஒன்றாக்கிவிடுங்கள். அடுத்தது முகவரி. வீட்டையே பதிவு அலுவலகமாகக் காட்டலாம். மின் கட்டண ரசீது இரண்டு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், இடத்துக்காரரின் ஆட்சேபனையின்மைக் கடிதமும் வேண்டும். மின் இணைப்பு இன்னும் காலமான தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம். கடிதம் கொடுப்பவர் பேரன், ரசீது தாத்தா பெயரில் என்றால் கேள்வி வரத்தான் செய்யும்.

கம்பெனிப் பெயரை முன்கூட்டியே ஒதுக்கி வாங்க 1,000 ரூபாய். இரண்டு பெயர் வரை கொடுக்கலாம், கிடைத்த ஒப்புதல் 20 நாளுக்குச் செல்லுபடியாகும். ஏற்கெனவே உள்ள பெயரில் ஒரு ‘எஸ்’ சேர்ப்பது, இடைவெளி விடுவது, எழுத்துக்கூட்டலை மாற்றுவது எதுவும் எடுபடாது. டிரேட்மார்க் பதிவேட்டையும் தேடிப் பாருங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மூலதனத்தில். குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனை 2015-லேயே நீங்கிவிட்டது. அனுமதிக்கப்பட்ட மூலதனம் (கம்பெனி அதிகபட்சம் வெளியிடக்கூடிய பங்குகளின் மதிப்பு) 15 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசின் பதிவுக் கட்டணமும் இல்லை, மாநில முத்திரைத் தீர்வை தனி. இதைக் கேட்டதும் கௌரவத்துக்காக ஆளுக்கு 5 லட்சம் ரூபாய்க்குப் பங்கு எடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எழுதிய தொகை முழுவதும் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு வந்தாக வேண்டும். வந்ததற்கான ஆதாரத்தோடு, பதிவான 180 நாளுக்குள், தொழில் தொடங்குவதற்கான ஐஎன்சி-20ஏ படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை கம்பெனி தொழில் தொடங்கவோ கடன் வாங்கவோ கூடாது. தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். பொறுப்பில் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 வீதம் ஒரு லட்சம் வரை. கையில் இருப்பது 50,000 என்றால் அதையே எழுதுங்கள், பிறகு கூட்டிக்கொள்ளலாம். பதிவான நாளிலிருந்து முதல் ஆடிட்டரை 30 நாளுக்குள் நியமிக்க வேண்டும், பங்குச் சான்றிதழை இரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வாசல் பெயர்ப்பலகையில் வட்டார மொழி எழுத்தும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம் ஊரில் தமிழ்.

பழைய கடை தானாகக் கம்பெனியாக மாறிவிடாது. பான் புதிது என்பதால் ஜிஎஸ்டி, உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு, உணவு உரிமம் எல்லாமே புதிதாக எடுக்க வேண்டும். பழைய ஜிஎஸ்டி எண்ணை ரத்து செய்யும் முன்பே, மீதமுள்ள உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டிக் கழிக்காமல் இருக்கும் வரி) ஐடிசி-02 படிவம் மூலம் கம்பெனிக்கு மாற்றிவிடுங்கள். சரக்கும் இயந்திரமும் கைமாறியதற்கு ஒப்பந்தம் எழுதுங்கள். சொத்து, கடன் அனைத்தையும் கம்பெனிக்கு மாற்றி, பதிலுக்குப் பங்கு மட்டும் பெற்று, பாதி வாக்குரிமையாவது ஐந்தாண்டு உங்களிடம் இருந்தால் மூலதன ஆதாய வரி வராது.

கல்லாவிலிருந்து எடுத்து வீட்டுச் செலவு செய்யும் பழக்கமும் இங்கே செல்லாது. சம்பளமாகவோ, வாடகையாகவோ, நீங்கள் கொடுத்த கடனைத் திரும்பப் பெறுவதாகவோ கணக்கில் வர வேண்டும். டைரக்டர் தன் சொந்தப் பணத்தைக் கடனாகத் தரலாம், அது கடன் வாங்கிய பணமல்ல என்று எழுதியும் தர வேண்டும். நண்பர் கொடுக்கும் கைமாற்று, சட்டப்படி கம்பெனி வாங்கக்கூடாத டெபாசிட் ஆகிவிடும், வாங்காதீர்கள்.

ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் முடிந்து 30 நாளில் ஏஓசி-4 (நிதிநிலைக் கணக்கு), 60 நாளில் எம்ஜிடி-7ஏ (ஆண்டு விவர அறிக்கை) தாக்கல். தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. இரண்டையும் ஓராண்டு விட்டால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்றாண்டு விட்டால் ஐந்தாண்டுக்கு டைரக்டர் தகுதி போய்விடும். தொழில் நடக்கவில்லை என்றால் சும்மா விட்டுவைக்காதீர்கள். எஸ்டிகே-2 படிவம் போட்டு மூடலாம். அதற்குக் கட்டணம் 10,000 ரூபாய், நிலுவைப் படிவங்களை முதலில் முடித்திருக்க வேண்டும்.