பாலிசியில் எழுதியிருக்கும் தொகையை ஒரு தடவை பாருங்கள்

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் தூத்துக்குடி மாவட்டம் ஏரல் கடைவீதியில் போய் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்துவிட்டது, எந்தக் கடை வாசலைப் பார்த்தாலும் சேறும் ஊறிப்போன அரிசி மூட்டையும்தான். நான் வரி ஆலோசகர். என்னிடம் கணக்கு பார்க்கும் கடைக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "சார், இன்சூரன்ஸ் வருமா?"

மொத்த மளிகை வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்கு பாலிசி இருந்தது. சரக்கை ஈடாகக் காட்டி சிசி (கேஷ் கிரெடிட்) கடன் வாங்கும்போது வங்கியிலேயே போட்டது, பிரீமியமும் வருடா வருடம் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஆனால் கடன் அளவுக்குத்தான் போட்டிருந்தார்கள், 10 லட்சம். கடையில் இருந்த சரக்கு 20 லட்சம், வீணானது 6 லட்சம். நஷ்டம் 10 லட்சத்துக்குள்தானே, முழுசாகக் கிடைக்கும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். கிடைக்காது. சரக்கின் மதிப்பில் பாதிக்குத்தான் காப்பீடு என்றால் நஷ்டத்திலும் பாதிதான் தருவார்கள், அதாவது 3 லட்சம். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓர் இடத்தில் உள்ள சொத்தும் சரக்கும் சேர்த்து 5 கோடிக்கு உட்பட்ட தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது. வெள்ளம் அதில் சேர்ந்தே வரும், பாலிசித் தொகை உண்மையான மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தாலும் வெட்ட மாட்டார்கள். பாதிக்குப் பாதி குறைத்துப் போட்டால் அந்தச் சலுகையும் உதவாது. அப்புறம், குடோன் வேறு தெருவில் இருந்தால் அந்த முகவரியும் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொள்முதல் பில் எல்லாம் நனைந்து கூழாகிவிட்டதே என்று பலர் கலங்கினார்கள். சப்ளையர் ஒழுங்காக ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்திருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கொள்முதலைக் காட்டும் 2பி பட்டியலில் பில் எண், தேதி, தொகை எல்லாம் இருக்கும், நஷ்டத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயரிடம் காட்டலாம். அழிந்த சரக்கை வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்திருந்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், பலர் அதை நோட்டீஸ் வந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

வாடிக்கையாளர் பாக்கியை எழுதி வைக்கும் கடன் நோட்டுக்கு மட்டும் எங்கேயும் நகல் கிடையாது. பேன்சி கடை வைத்திருக்கும் ஒரு அக்கா சனிக்கிழமைதோறும் நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அதை வைத்தே வீடு வீடாகப் போய், கொடுக்க முடிந்தவர்களிடம் மட்டும் வாங்கி, பொங்கலுக்கு முன்னாலேயே கடையைத் திறந்துவிட்டார்.

அண்ணாச்சியும் எழுந்துவிட்டார், அவருக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது. போனை எடுக்காமல் ஒளியவில்லை, தனக்குச் சரக்கு தரும் விருதுநகர் வியாபாரிகளிடம் நேரில் போய் நிலைமையைச் சொன்னார். பழைய பாக்கியைத் தவணையாக்கி, பருப்பும் எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனுக்குக் கொடுத்தார்கள். இப்போது ஐப்பசி பிறப்பதற்கு முன்பே, தீபாவளிச் சரக்கையும் சேர்த்து ஸ்டாக் எவ்வளவு என்று அவரே எனக்கு எழுதி அனுப்பிவிட்டு, "பாலிசியில இத ஏத்தியாச்சான்னு பாருங்க சார்" என்கிறார்.