கிடைக்கோட்டைக் கொண்டு உயரத்தை அளக்கும் லெவல் கருவி

ஒரு கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கும் வாய்க்காலின் சரிவை வெறுங்கண்ணால் கண்டறிய முடியாது. முக்காலியின் மேல் பொருத்திய லெவல் கருவியையும், ஸ்டாஃப் எனப்படும் நீண்ட அளவுகோலையும் கொண்டு நில அளவையாளர் அதைச் சில மில்லிமீட்டர் பிழைக்குள் அளந்துவிடுகிறார்.

இந்தக் கருவி நேரடியாக உயரத்தை அளப்பதில்லை. தொலைநோக்கியின் பார்வைக்கோட்டைக் கிடைமட்டமாக நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. உயரம் தெரிந்த புள்ளியான பெஞ்ச் மார்க்கின் மீது ஸ்டாஃபைச் செங்குத்தாக நிறுத்தி, பார்வைக்கோடு அதை வெட்டும் அளவைப் படிப்பது பின்னோக்கு. பெஞ்ச் மார்க்கின் உயரம் 12.350 மீட்டர், பின்னோக்கு 1.425 மீட்டர் என்றால் பார்வைக்கோட்டின் உயரம் 13.775 மீட்டர். அடுத்து, உயரம் தெரிய வேண்டிய இடத்தில் ஸ்டாஃபை வைத்துப் படிக்கும் முன்னோக்கு 2.180 மீட்டர் என்று கொண்டால், அதைக் கழிக்க அவ்விடத்தின் உயரம் 11.595 மீட்டர் எனக் கிடைக்கிறது. தொலைவு அதிகமானால், முன்னோக்கு எடுத்த ஸ்டாஃபை அதே புள்ளியில் நிறுத்திக் கருவியை மட்டும் முன்னே நகர்த்தி, அங்கிருந்து புதிய பின்னோக்கு எடுத்துத் தொடர வேண்டும். அந்த மாற்றுப்புள்ளி உறுதியான கல்லாக இருப்பது நல்லது. ஸ்டாஃப் ஈர மண்ணில் 3 மில்லிமீட்டர் அமிழ்ந்தாலும் அந்தப் பிழை அதற்குப் பின் வரும் எல்லா உயரங்களிலும் ஏறிவிடும்.

இம்முறையின் உண்மையான நுட்பம் கருவியை நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. எந்தக் கருவியின் பார்வைக்கோடும் முழுமையாகக் கிடைமட்டமாக இருப்பதில்லை. அது 10 மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். பின்னோக்கு 20 மீட்டர் தொலைவிலும் முன்னோக்கு 80 மீட்டர் தொலைவிலும் எடுக்கப்பட்டால் முதலாவதில் 2, இரண்டாவதில் 8 மில்லிமீட்டர் பிழை சேர்ந்து, உயர வேறுபாட்டில் 6 மில்லிமீட்டர் தவறு நிற்கும். கருவியை நடுவில் வைத்து இரு பக்கமும் 50 மீட்டர் விட்டால் இரண்டிலும் 5 மில்லிமீட்டர் பிழையே வரும்; ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது அது மறைந்துவிடும். பூமியின் வளைவால் வரும் பிழையும் இவ்வாறே நீங்கும். 100 மீட்டரில் வளைவின் விளைவு சுமார் 0.8 மில்லிமீட்டர்தான், ஆனால் அது தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்ந்து, ஒரு கிலோமீட்டரில் 78 மில்லிமீட்டராகிறது. காற்றில் ஒளி வளைவதால் அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும். விலையுயர்ந்த கருவியை வாங்குவதைவிட, சமதூரத்தில் நிற்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்வதே முதன்மையானது என்பது என் கருத்து.

பழைய கருவிகளில் ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்துப் பார்வைக்கோட்டைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1950-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் கொண்டுவந்த நி2 என்ற கருவி அந்த வேலையைப் புவியீர்ப்பிடமே ஒப்படைத்தது. வட்டக் குமிழியைக் கொண்டு ஓரளவு மட்டப்படுத்தினால் போதும். உள்ளே தொங்கவிடப்பட்ட ஒளியியல் பகுதி தானாக அசைந்து எஞ்சிய சிறு சாய்வை ஈடுசெய்யும். இன்று கட்டுமானத் தளங்களில் காணும் ஆட்டோ லெவல்கள் இந்த வழியில் வந்தவையே.

ஸ்டாஃப் பிடிப்பவரின் பொறுப்பும் சிறியதன்று. ஸ்டாஃப் முன்னோ பின்னோ சாய்ந்தால் அளவு எப்போதும் கூடுதலாகவே வரும். ஆகவே அதை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லி, தெரியும் மிகக் குறைந்த அளவை எழுதிக்கொள்வார்கள்.

இந்தியாவில் 1858-இல் தொடங்கிய உயர அளவை வலையமைப்பு 1909-இல் ஒருங்கிணைக்கப்பட்டபோது, ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டம் அதற்கு அடிப்படையாக அமைந்தது. சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றில் அடங்கும். செயற்கைக்கோள் கருவிகள் வந்த பின்னும் இவ்வகை அளவை தேவைப்படுகிறது. அவை பூமியைக் குறிக்கும் ஒரு கணித நீள்கோளத்திலிருந்தே உயரத்தைக் கணக்கிடுகின்றன. தென்னிந்தியாவில் கடல்மட்டம் அந்தக் கோளப் பரப்புக்குப் பல பத்து மீட்டர் கீழே இருக்கிறது, அதுவும் இடத்துக்கு இடம் மாறுகிறது. நீர் ஓடும் திசையைத் தீர்மானிப்பது புவியீர்ப்பு. லெவலின் கிடைக்கோடும் அதே புவியீர்ப்பைக் கொண்டே அமைகிறது.