பித்தளைத் தகட்டை நம்பாதீர்கள்: தங்க வேட்டைக் கால ஆற்றுப் படங்களை வாங்குவோர் கவனத்துக்கு

டொராண்டோவில் பழைய காகிதங்களையும் புகைப்படங்களையும் செப்பனிடும் தொழிலில் இருக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் ஒருவர் பழம்பொருள் சந்தையில் வாங்கிய சட்டமிட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்தார். கனடாவின் வடமேற்கில் ஓடும் யூக்கான் ஆற்றில், பின்புறம் துடுப்புச் சக்கரம் பூட்டிய நீராவிக் கப்பல் ஒன்று புகை கக்கியபடி நின்றது. சட்டத்தின் அடியில் பொருத்தியிருந்த பித்தளைத் தகடு 'கிளோண்டைக் தங்க வேட்டை, 1898' என்றது. மூன்றடுக்குடன் நின்ற அந்தப் பெரிய கப்பலின் பெயரும் கிளோண்டைக்தான் என்பதால், அவருக்கு ஐயமே எழவில்லை. ஆனால் அந்தப் பெயருடைய பெரிய கப்பல்களில் முதலாவது 1929இல் கட்டப்பட்டு 1936இல் மூழ்கியது. இரண்டாவது 1937இல் கட்டப்பட்டு 1955 வரை ஓடியபின், இன்று வைட்ஹார்ஸ் நகரின் கரையில் காட்சிக்கு நிற்கிறது. தங்க வேட்டை ஓய்ந்து ஒரு தலைமுறை கடந்தபின் எடுத்த படத்துக்கு அவர் 1898ஆம் ஆண்டுப் படத்துக்கான விலையைக் கொடுத்திருந்தார். படம் பொய் சொல்லவில்லை, தகடுதான் சொன்னது.

இத்தகைய படங்களின் காலத்தைப் பெரும்பாலும் படத்துக்குள்ளிருந்தே கணிக்கலாம். 1896 ஆகஸ்டில் கிளோண்டைக் பகுதியின் பொனான்சா ஓடையில் பொன் கிடைத்தது. அந்தச் செய்தியோடும் பொன்னோடும் 1897 ஜூலையில் சியாட்டிலுக்குக் கப்பல் வந்த பிறகே கூட்டம் புறப்பட்டது. மலைக் கணவாயைத் தாண்டியவர்கள் பென்னட் ஏரிக்கரையில் மரம் அறுத்துத் தாங்களே படகு கட்டிக் காத்திருந்து, 1898 மே 29 அன்று பனி உடைந்ததும் ஏறத்தாழ 7,000 படகுகளில் பொன் வயல்களை அடுத்த டாசன் நகரை நோக்கிக் கிளம்பினார்கள். ஆகவே கரடுமுரடான பலகைப் படகுகள் துணிப்பாய் விரித்து ஏரியை அடைத்து நிற்கும் படம் பெரும்பாலும் அந்த வசந்தத்தைச் சேர்ந்தது. அதே பென்னட்டில் ரயில் பெட்டி தெரிந்தால், 1899 ஜூலைக்கு முன் அது எடுக்கப்பட்டிருக்க முடியாது. வைட்ஹார்ஸ் கரையில் ரயிலும் நீராவிக் கப்பலும் சேர்ந்து நின்றால் 1900க்கு முந்தியதாக இராது. வைட்ஹார்ஸ் அருகே ஆறு குறுகிப் பாயும் மைல்ஸ் மலையிடுக்கில் மரக்கட்டைகளையே தண்டவாளமாகப் போட்டுக் குதிரை இழுத்த சரக்கு வண்டியைக் கண்டால், நீங்கள் பார்ப்பது அந்த ரயில் வருவதற்கு முந்திய இரண்டே ஆண்டுகளை.

அடுத்தது, பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய கண்ணாடி போதும். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் அது புத்தகத்திலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ வெட்டிய அச்சு. ஒழுங்கின்றிச் சிதறிய வண்ணத் துளிகள் என்றால் நம் காலத்துக் கணினி அச்சு. புள்ளியே இல்லாமல் சாயல் தொடர்ச்சியாக ஓடினால் மட்டுமே அது புகைப்படத் தாள், அதுவும்கூடப் பழைய நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் எடுத்த பிரதியாக இருக்கலாம்.

என் அனுபவத்தில் இந்தப் படங்களுக்கு ஆற்றைவிடச் சட்டமே அதிகக் கேடு செய்திருக்கிறது. அண்மையில் பிரித்த ஒன்றைச் சொல்கிறேன். பின்பக்கத்தில் பழைய மரப்பலகை, அதன் முடிச்சு இருந்த இடத்தில் படத்தின் முகப்பு வரை ஊறிய பழுப்புத் திட்டு. சுற்றிலும் மலிவான அட்டையில் வெட்டிய சாளரம்; அந்த அட்டையின் அமிலம் பட்ட இடமெல்லாம் தேநீர்க் கறை போல ஒரு கோடு. மேல்விளிம்பில் செலோடேப், நாடா உதிர்ந்து போயிருக்க, பசை மட்டும் தாளுக்குள் மஞ்சளாக இறங்கியிருந்தது. மூலையில் இராமபாணப் பூச்சி மேய்ந்திருந்தது. அட்டையை எடுத்தபோதுதான், அது மறைத்திருந்த கீழ்விளிம்பில் வெள்ளை எழுத்தில் ஓர் எண்ணும் இடப்பெயரும் தெரிந்தன. எரிக் ஹெக் போன்ற அக்காலப் புகைப்படக்காரர்கள் கண்ணாடி நெகட்டிவின் மீதே மையால் எழுதினார்கள்; மை ஒளியை மறைப்பதால் அச்சில் அது வெள்ளையாக விழும். ஆவணக் காப்பகத்தில் அந்த நெகட்டிவைத் தேடிப் பிடிக்க உதவும் ஒரே திறவுகோல் அந்த எண். இன்னொரு படத்தில், சட்டத்துக்கு அளவு சரியாக வர வேண்டுமென்று அந்த விளிம்பையே ஒரு ஃபிரேம் கடைக்காரர் கத்தரித்து எறிந்திருந்தார். அதை இனி எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது.

எனவே சட்டம் மாற்றக் கொடுக்கும்போது மூன்றை எழுத்தில் கேளுங்கள்: எதையும் வெட்டக்கூடாது, அமிலமற்ற அட்டை மட்டுமே வேண்டும், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி வேண்டும். ஈரப்பதத்தில் புகைப்படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் உரிக்காதீர்கள், தண்ணீரும் தெளிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவாருங்கள். படத்தைத் தாங்கக் கோதுமை மாவுச்சத்துப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் போதும். நாளை எவரேனும் ஈரப்படுத்தி எளிதாகப் பிரிக்கலாம். வெயில் விழும் சுவரும், குளியலறைக்கு அடுத்த சுவரும், கணப்புக்கு மேலுள்ள இடமும் வேண்டாம்.

கிளோண்டைக் கப்பல் படத்தின் உரிமையாளர் தகட்டைப் பிடுங்கி எறியச் சொன்னார். நான் எறியவில்லை. திருகாணிகளைக் கழற்றி, தகட்டை ஓர் உறையிலிட்டு, கண்டறிந்த ஆண்டுகளைப் பென்சிலால் அந்த உறையின் மேல் குறித்து அவரிடமே கொடுத்தனுப்பினேன்.