டே கேர் பணம் எங்கே போகிறது?

பிள்ளையை டே கேரில் விடும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: மாதாமாதம் இவ்வளவு கட்டுகிறோம், அப்புறம் ஏன் ஆயா மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்? கோவையில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு பார்ப்பது என் தொழில், குழந்தைகள் காப்பகங்களும் அதில் உண்டு. வரவு செலவைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நான் பார்த்த இடங்களில் நடத்துபவர் யாரும் பெரிதாகச் சேர்த்துவிடவில்லை. பெற்றோருக்குத் தாங்காத அதே கட்டணம் ஆயாவுக்கு நியாயமான சம்பளம் தரவும் போதவில்லை.

எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நடக்கப் பழகும் வயதில் ஐந்து பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் ஒன்றுக்குக் கால் கழுவிவிடும் நேரத்தில் இன்னொன்று எதையாவது வாயில் போட்டுக்கொள்ளும். ஆயாவுக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைப்போம், வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்த அது பெரிய தொகை இல்லை. காலை எட்டு மணிக்குத் திறந்தால் மாலை ஏழு வரை, அதாவது 11 மணி நேரம். ஒருவருக்கு எட்டு மணி நேர வேலை என்றால் ஐந்து குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆள் வேண்டும். 22,500 ரூபாய். குழந்தைக்கு 4,500, இது ஆயா சம்பளம் மட்டும். வாடகை, கரண்ட் பில், பால், சாப்பாடு, தீபாவளி போனஸ், ஆயா லீவு போட்டால் மாற்று ஆள் எல்லாம் சேர்த்தால், எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் 8,000 ரூபாயை நெருங்கிவிடும். 18,000 சம்பளம் வாங்கும் ஒரு பெண் இதைக் கட்டிவிட்டு, பஸ் செலவையும் கழித்துவிட்டு மீதியை எண்ணினால், "இதுக்கு வீட்டிலேயே இருந்துடலாமே" என்று சொல்ல ஆள் வந்துவிடும். அப்பாவின் சம்பளத்திலிருந்து அந்த எட்டாயிரத்தைக் கழித்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு, ஏனோ.

அதனால் நடத்துபவர் கட்டணத்தைக் குறைக்கிறார், ஒரு ஆயாவிடம் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளைக் கொடுக்கிறார், 11 மணி நேரமும் அவரையே நிற்கவைத்து ஏழாயிரமோ எட்டாயிரமோ ரொக்கமாகக் கையில் தருகிறார். மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 10 பேர், சேமநல நிதியான பி.எஃப்.க்கு 20 பேர் வேலை செய்ய வேண்டும், சின்ன காப்பகத்தில் அத்தனை பேர் ஏது? ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் துணிக்கடைக்குப் போய்விடுகிறார் ஆயா. அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் அவர் தட்டிக்கொடுத்தால்தான் தூங்கும் குழந்தை மறுபடி முதல் நாள் மாதிரி அழுகிறது.

பனியன் கம்பெனியில் புது மெஷின் வந்தால் அதே ஆள் இரண்டு மடங்கு தைப்பார். குழந்தை பார்ப்பதில் அந்த வழி இல்லை, செலவு குறையவே குறையாது. பெற்றோரும் ஆயாவும் மட்டும் இதைச் சுமக்க முடியாது, மூன்றாவது ஒருவர் பணம் போட வேண்டும். அந்த மூன்றாவது ஆள் யார் என்று சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்று பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் சொன்னது, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. 50 பெண்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஆண்களையும் சேர்த்து மொத்தம் 50 ஊழியர்கள். அம்மா ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம். தனியாக நடத்த முடியாவிட்டால் பொது வசதியாகவும் வைத்துக்கொள்ளலாம், அதாவது ஒரே தொழிற்பேட்டையில் இருக்கும் பல கம்பெனிகள் சேர்ந்து ஒரு காப்பகத்துக்குப் பணம் போடலாம். இந்தப் பயன்களை எல்லாம் வேலையில் சேரும்போதே பெண்ணுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் 2017 திருத்தம் சொன்னது. உங்கள் வேலை நியமன ஆர்டரை எடுத்துப் பாருங்கள், இருக்கிறதா?

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நம் மாநிலத்தில் இரண்டு வயது ஆன பிறகுதான் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், ஏழு மணிக்கு வீடு திரும்பும் அம்மாவுக்கு அந்த நேரமும் ஒத்துவராது. அங்கே வேலை பார்ப்பவர்கள் நிலையும் ஒன்றும் பெரிதாக இல்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசு உயர்த்திய மதிப்பூதியம் பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று இதைவிடக் கூடத் தருகிறார்கள், அதுவும் போராடி வாங்கியது. இவர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஆகிவிட்டது, திட்டம் தொடங்கியதோ 1975இல்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2005இல் வந்த 100 நாள் வேலைச் சட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளாவது வேலை இடத்துக்கு வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்க்க நிறுத்த வேண்டும், மண் வெட்டுபவருக்குத் தரும் அதே கூலியை அவருக்கும் தர வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். எல்லா இடத்திலும் நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த முறை டே கேருக்குப் போனால் பொம்மையையும் ஏ.சி.யையும் விடுங்கள். ஒரு ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள், எத்தனை மணி நேரம், வார விடுமுறை உண்டா, சம்பளம் பேங்கில் போகிறதா என்று கேளுங்கள். கட்டணம் ஏற்றினால் அதில் ஆயாவுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். அப்புறம் உங்கள் அலுவலகத்தின் ஹெச்.ஆருக்கு நாலு பேராகச் சேர்ந்து காப்பக வசதி கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். அப்பாக்களும் கையெழுத்துப் போடுங்கள், அந்த 50 பேரில் நீங்களும் இருக்கிறீர்கள்.