மரத்தை அறுக்கும் முன் அதன் நிழலை அளந்து பாருங்கள்

“தென்னை நாப்பது அடிதான் சார் இருக்கும். கரண்டு லைன் அம்பது அடி தள்ளிப் போகுது. தாராளமா சாய்க்கலாம்.”

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டு மராமத்து வேலைக்குப் போயிருந்தபோது வீட்டுக்காரர் சொன்னது இது. மார்ச் மாதம், காலை ஒன்பது மணி. மரம் அறுக்கும் அண்ணன் கயிற்றோடு தயாராக நின்றார். கட்டடப் பொறியாளன் என்ற உரிமையில் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

ஒரு மூங்கில் கழியை ஊன்றி, தூக்குக்குண்டு பிடித்து நேராக்கினோம். தரைக்கு மேல் 4 அடி. அதன் நிழல் 5 அடி. அதே நேரத்தில் இன்னொருவர் மரத்தின் உச்சி மட்டை நிழல் விழுந்த இடத்தில் செங்கல் வைத்தார். அடிமரத்திலிருந்து செங்கல் வரை 70 அடி. நான்கை ஐந்தால் வகுத்து எழுபதால் பெருக்கினால் 56. அப்படியே சாய்த்திருந்தால் மரம் கம்பியின் மேல்தான் விழுந்திருக்கும்.

பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தான் இது. சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் கதிர்கள் கழிக்கும் மரத்துக்கும் ஒரே சாய்வில் வருகின்றன. உயரமும் நிழலும் இரண்டிலும் ஒரே விகிதம்.

கணக்கு எளிது, அளப்பதில்தான் தவறுகிறார்கள். மரத்தின் நிழலை அளந்துவிட்டு, டீ குடித்து வந்து கழியை ஊன்றுகிறார்கள். சூரியன் நான்கு நிமிடத்தில் ஒரு பாகை நகர்கிறது. வானில் அது பாதி உயரத்தில் இருக்கும்போது, 60 அடி மரத்தின் நிழல் அந்த நான்கு நிமிடத்திலேயே இரண்டடி வரை மாறிவிடும். அதனால் இரண்டு ஆட்கள், ஒரே நொடியில் இரண்டு அடையாளம். நிழல் நுனி கூர்மையாகவும் இராது. ஓரடி அகலத்துக்கு மங்கிப் போகும். அந்த மங்கலின் நடுவைப் பிடியுங்கள். உச்சி வெயிலில் அளக்கவே வேண்டாம்.

அகலமான அடி கொண்ட கட்டடம் என்றால் சுவர் ஓரத்திலிருந்து அளப்பது பெரும்பிழை. உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். பழங்காலக் கிரேக்க அறிஞர் தேல்ஸ் எகிப்துப் பிரமிடை நிழலால் அளந்தார் என்று கிரேக்கர்கள் எழுதி வைத்தார்கள். கீசாவின் பெரிய பிரமிடின் அடி ஒரு பக்கம் 230 மீட்டர். நிழல் ஒரு பக்கத்துக்கு நேராக விழும் நேரத்தில் அளந்தாலும், வெளியே தெரியும் நிழலோடு 115 மீட்டரைக் கூட்டினால்தான் கணக்கு சரியாகும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் சொல்கிறார்கள். காலையிலோ மாலையிலோ போய்ப் பாருங்கள், பிரகாரத்தில் நீளமாகக் கிடக்கும். உச்சிப் பொழுதில் சிகரத்தின் நிழல் அதன் அகன்ற அடிக்குள்ளேயே அடங்கிவிடும் நாட்களும் உண்டு. அந்தக் கல் வேலையைப் புகழ இல்லாத அதிசயம் தேவையில்லை.

தென்னை பெரும்பாலும் சாய்ந்தே நிற்கும். கிழக்கே சாய்ந்த மரத்துக்குக் காலை நிழல் குட்டையாகவும் மாலை நிழல் நீளமாகவும் வரும். கழியின் நிழல் காலையில் இருந்த அதே நீளத்துக்கு மாலையில் வரும்போது மறுபடி அளந்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள். நிழல் நுனி சுவரில் ஏறிவிட்டதா? சுவர் வரையுள்ள தரை நிழலுக்குக் கணக்குப் போட்டு, சுவரில் ஏறிய உயரத்தை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். தரை சரிவாக இருந்தால் இந்த முறையை நம்பாதீர்கள்.

கிடைத்த உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் ஆட்களும் ஆடுமாடும் இருக்கக் கூடாது. கம்பி எட்டும் தூரத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே கத்தி வைக்க வேண்டும்.

அன்று லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்த மதியம் ஆகிவிட்டது. அண்ணன் மேலே ஏறி, மட்டை, குலை, பிறகு தண்டு என்று கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கினார். கீழே கிடந்த துண்டுகளை வீட்டுக்காரரே டேப் பிடித்து அளந்து கூட்டிப் பார்த்தார்.

“அம்பத்தஞ்சரை வருது சார்.”