வலை இறக்கும் முன் பேச வேண்டிய பங்கு

2021 மே மாதம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சுகாதார நிலையத்தின் வாசலில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஊசி இருந்தது, போடுவதற்கு நர்ஸும் இருந்தார். ஆனால் போடவில்லை. "இன்னும் மூணு பேர் வரட்டும்ண்ணா. பிரிச்சா பத்துப் பேருக்குப் போட்டாகணும்" என்றார். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 5 மில்லி மருந்து. ஆளுக்கு அரை மில்லி, ஆக 10 டோஸ். மூடியில் ஊசி இறங்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் மிச்சம் குப்பைக்கு. இரண்டு நாள் கழித்து அதே வாசலில் 'ஸ்டாக் இல்லை' என்று சாக்பீஸில் எழுதி வைத்திருந்தார்கள்.

பத்தாவது ஆளாக வந்தவர் காசிமேட்டிலிருந்து நேராக வந்திருந்தார். விசைப்படகில் போகிறவர், எங்கள் தெருக்காரர்தான். அவர் வந்ததும் குப்பியைப் பிரித்தார்கள். அந்த மருந்து வேறொரு நாட்டுக்குப் போக வேண்டியதாகவும் இருந்திருக்கலாம் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

உலக நாடுகள் சேர்ந்து தடுப்பூசி வாங்கிப் பகிர்ந்துகொள்ள 2020ல் கோவாக்ஸ் என்றொரு திட்டம் தொடங்கியது. ஆரம்ப கால டோஸ்களுக்கு அது பெரிதும் நம்பியிருந்தது கோவிஷீல்டு தயாரித்த புனே சீரம் இன்ஸ்டிடியூட்டைத்தான். இரண்டாம் அலை எழுந்ததும் இந்தியா ஏற்றுமதியை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. கோவாக்ஸுக்கு மறுபடி அனுப்பத் தொடங்கியது நவம்பரில். 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் என்பது கோவாக்ஸின் கணக்கு. 100 கோடியைத் தொட்டதே 2022 ஜனவரியில்தான்.

இந்தியா செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மே மாதம் எங்கள் தெருவில் ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். ஆனால் "முதலில் எங்கள் ஜனம்" என்ற அதே காரணத்தைத்தான் கனடாவும் பிரிட்டனும் ஒரு வருடம் முன்பே சொல்லியிருந்தன. பரிசோதனைகள் முடிவதற்குள்ளேயே பணத்தைக் கட்டி, ஆலையிலிருந்து வரப்போகும் டோஸ்களை முன்பதிவு செய்தார்கள். கனடா தன் மக்கள்தொகையைப் போலச் சில மடங்குக்கு ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது. வரிசை என்பது ஊசி வந்த பிறகு நிற்பதல்ல, வருவதற்கு முன்பே காசு கட்டி இடம் பிடிப்பது. தென்னாப்பிரிக்காவின் கதை இன்னும் மோசம். ஆஸ்ட்ராஜெனெகா ஊசியின் மருத்துவப் பரிசோதனை நடந்த நாடுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதே ஊசியை விலைக்கு வாங்கும்போது ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கொடுக்க வேண்டி வந்தது.

சரி, இதற்கு ஓர் உடன்படிக்கை போட்டுவிட்டால் போதுமே என்று தோன்றும். போட்டும் விட்டார்கள். 2021 டிசம்பரில் பேச ஆரம்பித்து, 2025 மே 20ஆம் தேதி ஜெனிவாவில் உலக சுகாதார மாநாடு பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. முந்தைய நாள் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, 11 நாடுகள் எந்தப் பக்கமும் சேரவில்லை. மூன்றரை வருடம் இழுத்தது என்று சலித்துக்கொண்டார்கள். காலராவைப் பற்றிப் பேச 1851ல் பாரிஸில் முதல் சர்வதேச மாநாடு கூடியது. நிலைத்து நின்ற முதல் உடன்பாடு கையெழுத்தானது 1892ல். அதோடு பார்த்தால் இது எக்ஸ்பிரஸ் வண்டி.

இந்த மூன்றரை வருடமும் எந்த முடிச்சில் சிக்கிக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் சுவாரஸ்யமானது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சளிக் குச்சியிலிருந்து தொடங்க வேண்டும்.

2020ல் முதல் அலையின் தொடக்க மாதங்களில் ராயபுரம் மண்டலத்தில்தான் சென்னையிலேயே தொற்று அதிகம். தெருவுக்குத் தெரு காய்ச்சல் முகாம் போட்டு மூக்கில் குச்சி விட்டார்கள். அந்தக் குச்சியின் நுனியில் ஒட்டிக்கொண்டு வருவது வெறும் 'பாசிட்டிவா, நெகட்டிவா' மட்டுமல்ல. அதில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. இருக்கிறது. அதை ஆய்வகத்தில் படித்தால் ஏறக்குறைய 30,000 எழுத்துகள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கும். அதில் ஒரு பகுதி, வைரஸ் நம் செல்லில் ஒட்டிக்கொள்ள உதவும் முள்ளுக்கான சமையல் குறிப்பு. அந்தக் குறிப்பு கையில் இருந்தால் போதும், தடுப்பூசியை வடிவமைத்துவிடலாம். சீன விஞ்ஞானிகள் முதல் வரிசையை 2020 ஜனவரி 11 வாக்கில் இணையத்தில் ஏற்றினார்கள். அமெரிக்காவின் மாடர்னா 13ஆம் தேதியே தன் ஊசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டது. வைரஸ் இருந்த குழாயை அவர்கள் தொடவே இல்லை.

ஆக, கொள்ளைநோய் எந்த ஊரில் தொடங்குகிறதோ அந்த ஊரிடம் ஒரு சரக்கு இருக்கிறது. உலகம் முழுக்க அது உடனே வேண்டும். ஆனால் அதிலிருந்து வரும் மருந்து அந்த ஊருக்குக் கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை.

இதை முதலில் முகத்துக்கு நேராகக் கேட்ட நாடு இந்தோனேஷியா. உலக நாடுகள் ஃபுளூ வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் வலைப்பின்னலுக்கு 1952லிருந்து இலவசமாக அனுப்பி வந்தன. பறவைக் காய்ச்சல் பரவிய காலத்தில், தாங்கள் அனுப்பிய வைரஸிலிருந்து ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தடுப்பூசி செய்கிறது என்பது இந்தோனேஷியாவுக்குத் தெரிய வந்தது. "எங்கள் வைரஸ், எங்களால் வாங்க முடியாத ஊசி" என்று கோபப்பட்டு, 2007ல் அதன் சுகாதார அமைச்சர் சிதி ஃபாதிலா சுபாரி மாதிரிகளை அனுப்ப மறுத்தார். உலகமே பதறியது. ஆபத்தான காரியம்தான், ஆனால் பலன் கிடைத்தது. 2011ல் ஃபுளூவுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு வந்தது. வைரஸ் மாதிரி வாங்கும் நிறுவனங்கள், பெருந்தொற்று வந்தால் தங்கள் தயாரிப்பில் ஒரு பகுதியை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தருவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். வருடா வருடம் பணமும் கட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் கொரோனா ஃபுளூ அல்ல, அதனால் 2020ல் அது உதவவில்லை.

காசிமேட்டில் இதற்கு விளக்கமே தேவையில்லை. லாஞ்சு கடலுக்குப் போய் வந்து மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்காரருக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு. இந்தப் பங்கு கரையை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் தெரியும். மீனைக் கரையில் கொட்டிய பிறகு பேச ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். 2020ல் உலகம் செய்தது அதைத்தான்.

புதிய உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு இந்தப் பங்கைப் பேசுகிறது. கிருமி மாதிரியையும் மரபணு வரிசையையும் நாடுகள் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, இதில் சேரும் மருந்து நிறுவனங்கள் பெருந்தொற்றின்போது தங்கள் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகளின் நிகழ்நேர உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது இலக்கு. குறைந்தது 10 சதவீதம் நன்கொடை, மற்றது கட்டுப்படியாகும் விலையில்.

20 போதுமா என்று சண்டை போடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த எண்ணைவிட 'நிகழ்நேர' என்ற சொல்தான் முக்கியமாகப் படுகிறது. ஆலையிலிருந்து வெளியே வரும்போதே பங்கு பிரிய வேண்டும், பணக்கார நாடுகள் போட்டு மிச்சமானது அல்ல. 2021 டிசம்பரில் நைஜீரியா 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டோஸ்களைக் குப்பை மேட்டில் கொட்டி அழித்தது. காலாவதிக்குச் சில வாரமே இருக்கும்போது நன்கொடையாக வந்த ஊசிகள் அவை. கணக்கில் பார்த்தால் தாராளமான தானம். பத்தாவது ஆளுக்காகக் காத்திருந்த எங்கள் ஏழு பேருக்கு அந்தச் செய்தி வயிற்றெரிச்சல்.

'மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற வியாதி இந்த உடன்படிக்கையையும் விடவில்லை. பங்கு எப்படிப் பிரியும் என்ற நுணுக்கங்களை ஒரு தனி இணைப்பாக எழுத வேண்டும் என்று ஒதுக்கி, 2026 மே மாத மாநாட்டுக்குக் கொண்டுவரும்படி தீர்மானம் போட்டார்கள். அந்த இணைப்பை ஏற்ற பிறகுதான் உடன்படிக்கை கையெழுத்துக்கே திறக்கும். 60 நாடுகள் உறுதி செய்தால்தான் அமலுக்கு வரும். அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்தை விட்டு விலகுவதாக 2025 ஜனவரியிலேயே அறிவித்து, பேச்சிலிருந்தும் ஒதுங்கிவிட்டது.

இன்னொரு பக்கம், வாட்ஸ்அப்பில் சுற்றிய கதை: இனிமேல் லாக்டவுனை ஜெனிவாக்காரன் அறிவிப்பான் என்று. உடன்படிக்கை அதை நேராகவே மறுக்கிறது. ஊரடங்கு போடவோ, ஊசியைக் கட்டாயமாக்கவோ, பயணத்தைத் தடுக்கவோ உலக சுகாதார நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

பொறுப்பேற்க வைக்கும் விதிகள் என்று பார்த்தால், அவை பழைய சர்வதேச சுகாதார விதிமுறைகளில் இருக்கின்றன. ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகத்துக்குப் போனவர்களுக்கு அவற்றின் முகம் தெரியும். ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு அட்டை வாங்குவது அந்த விதிமுறைகளின்படிதான். கப்பல்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுகாதாரச் சான்றிதழ் புதுப்பிப்பதும் அப்படியே. அட்டை இல்லாத ஆளைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் உலகத்துக்கே ஆபத்தாகக்கூடிய ஒரு நோயை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்காத நாட்டை என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. சொன்ன நாட்டுக்குத்தான் அடி. 2021 நவம்பரில் ஒமிக்ரானைக் கண்டுபிடித்து உடனே அறிவித்த தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்தது, சில நாட்களிலேயே விமானத் தடை.

2024ல் திருத்தி, 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த புதிய விதிகளில் 'பெருந்தொற்று அவசரநிலை' என்று ஒரு மேல்படியும், நாடுகள் விதிகளை எப்படி நடைமுறைப்படுத்துகின்றன என்று பார்க்க ஒரு குழுவும் சேர்ந்திருக்கின்றன. அபராதம் போடும் அதிகாரம் இல்லை.

இதையெல்லாம் அந்தப் பத்தாவது ஆளிடம் ஒரு சாயங்காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுதிக் குடுத்தவன் பங்கு தரலேன்னா?" என்றார். கோர்ட் மாதிரி எதுவும் இல்லை என்றேன். "அப்ப அடுத்த தபா ஆளு கிளம்ப மாட்டான், அவ்ளோதான்" என்றார்.

இந்தோனேஷியா செய்தது அதுதான். ஆனால் அன்று வைரஸ் மாதிரி இருந்த ஃப்ரீசரைப் பூட்ட முடிந்தது. இன்று வைரஸின் வரிசை இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், யார் இறக்கினார்கள் என்றுகூடத் தெரியாமல் போகலாம். அதனால்தான் இணைப்பைப் பேச உட்கார்ந்தவர்கள், வரிசைகள் இருக்கும் தரவுத்தளத்தைத் திறப்பவர் முதலில் தன் பெயரைப் பதிந்து, பங்கு தருவேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமா என்பதில் அவ்வளவு மல்லுக்கு நின்றார்கள்.