தொண்டையில் காறும் எண்ணெய்

கீழக்கரையில் எங்கள் தெருவில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியில் பேரீச்சம்பழத்தோடு ஒரு டின் ஜைத்தூன் எண்ணெயும் இருக்கும். கடைகளில் ஆலிவ் ஆயில் என்பது இதைத்தான். போன மாதம் பக்கத்து வீட்டு மாமி புது டின்னைத் திறந்து, வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடித்துவிட்டு, இருமிக்கொண்டே உம்மாவிடம் வந்தார். "தொண்டை காறுது லாத்தா. கெட்டுப்போச்சு போல, கொட்டிரவா?"

கொட்ட வேண்டாம் என்று நான் தடுத்தேன். கெட்ட எண்ணெயில் சிக்கு வாடை வரும். இதில் பச்சைக் காயின் வாசம்தான் இருந்தது. எக்ஸ்ட்ரா வர்ஜின் எனப்படும், சூடாக்காமல் ரசாயனம் சேர்க்காமல் பிழிந்த எண்ணெயில் ஓலியோகாந்தால் என்ற பொருள் உண்டு. அதுதான் தொண்டையைக் காறச் செய்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கேரி பியூச்சாம்ப் சிசிலித் தீவில் புது எண்ணெயைச் சுவைத்தபோது, ஐபுப்ரோஃபன் என்ற வலி மருந்தை விழுங்கும்போது தொண்டையில் எரியும் அதே எரிச்சலை உணர்ந்தார். அழற்சியை உண்டாக்கும் நொதிகளை இரண்டுமே தடுக்கின்றன என்று அவர் குழு 2005இல் காட்டியது. ஆனால் ஒரு கரண்டியில் இருப்பது மாத்திரை அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

மாமிக்குச் சர்க்கரை இருக்கிறது. அவர் எண்ணெய் குடித்ததே அதற்காகத்தான். சோறு இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ, அவ்வளவு வேகமாக ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும். சோற்றோடு கொழுப்பும் வந்தால் சிறுகுடல் சில ஹார்மோன்களைச் சுரந்து, "மெதுவாக அனுப்பு" என்று இரைப்பைக்குச் சொல்கிறது. அவற்றில் ஒன்றான ஜிஎல்பி-1, இன்சுலின் சுரக்கவும் கணையத்தைத் தூண்டுகிறது. ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கான ஓலிக் அமிலம் என்ற கொழுப்பு இந்த வேலையை நன்றாகச் செய்யும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், உடலில் இன்சுலின் சுரக்காத டைப் 1 சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரே வகைச் சாப்பாட்டை வெண்ணெயோடும், எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயோடும், கொழுப்பைக் குறைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். சட்டென்று சர்க்கரை ஏற்றும் உணவில், எண்ணெய் சேர்த்தபோது அந்த ஏற்றம் தணிந்தது. மெதுவாகச் செரிக்கும் உணவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே இந்த எண்ணெய்க்கு வேலை சாப்பாட்டுத் தட்டில்தான். காலை ஆறு மணிக்குத் தனியாகக் குடித்த கரண்டி, மதியச் சோற்றை எப்படித் தடுக்கும்? அந்த ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி வேறு. மற்ற எண்ணெயைக் குறைத்துக்கொண்டு இதை ஊற்ற வேண்டும். பித்தப்பையில் கல் உள்ளவர்கள் வெறும் எண்ணெயைக் குடிக்கவே கூடாது. கொழுப்பு வந்ததும் பித்தப்பை சுருங்கும், வலி பிடுங்கும்.

பெருங்குடலில் நடப்பது எனக்கு இன்னும் பிடித்த பகுதி. எண்ணெயிலுள்ள பாலிஃபீனால்களில் (ஓலியோகாந்தால் போன்ற தாவரப் பொருள்கள்) ஒரு பங்கு செரிக்காமல் அங்கே போய்ச் சேர்கிறது. குடல் பாக்டீரியாக்கள் அதை உடைத்துச் சிறு மூலக்கூறுகளாக்குகின்றன. ஆனால் அந்த பாக்டீரியாக்களுக்கு முதல் சாப்பாடு நார்ச்சத்து. நாரை நொதிக்க வைத்து அவை தரும் பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருள். எண்ணெயில் நார் துளியும் இல்லை. ஸ்பெயினில் 7447 பேரைப் பின்தொடர்ந்த பிரெடிமெட் ஆய்விலும் எண்ணெய் தனியாக வரவில்லை. காய்கறி, பயறு, மீனோடு சேர்ந்தே வந்தது. 2013இல் வெளியான அந்த ஆய்வைப் பங்கேற்பாளர்களைப் பிரித்த முறையில் பிழை கண்டு திரும்பப் பெற்று, 2018இல் திருத்தி வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மொத்தத்தில் குறைந்தன என்ற முடிவு மாறவில்லை.

அந்தக் கூட்டாளிகள் நம் கடற்கரையில் குறைவில்லாமல் கிடைக்கிறார்கள்: கேப்பை, முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, வலையில் வரும் சூடை மீன், தை மாதத்துப் பனங்கிழங்கு. டின் வராத வீட்டில் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இருக்கிறது. அதிலும் ஓலிக் அமிலம் ஏறக்குறைய 40 சதவீதம், செசமின் என்ற பொருளும் உண்டு.

மாமி சர்க்கரை மாத்திரையை நிறுத்தவில்லை. இப்போது கீரையை இறக்கி வைத்த பிறகு, மேலே இரண்டு தேக்கரண்டி பச்சையாக ஊற்றிக் கிளறுகிறார். டின்னை அடுப்படி ஜன்னல் வெயிலிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். வெளிச்சமும் சூடும் பட்டால் அந்தக் காறல் மெல்ல மறைந்துபோகும்.